கொன்டெய்னர் இமேஜைத் தானாகக் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து சிறு மென்பொருள் பொதிகளை எழுதிப் பராமரிக்கிறவர்களுக்கான பக்கம் இது. பதில்கள் எல்லாம் ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துப் போகின்றன. கரைவலை வாடி ஒன்றின் அன்றாடப் பிடி, ஏலவிலை, ஆட்களின் பங்கு ஆகியவற்றைப் பதிந்து, தமிழில் பற்றுச்சீட்டு அச்சிடும் பைதன் வலைச் செயலி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலநிரல் கிட்ஹப்பில் ஒரு ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) இருக்கிறது. செயலியையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்து டொக்கர் கருவியால் கட்டும் பொட்டலமே இமேஜ்; அது ஓடும்போது கொன்டெய்னர். இமேஜ் கிட்ஹப்பின் கொன்டெய்னர் ரெஜிஸ்ட்ரி என்ற கிடங்குக்குப் போகிறது. ஓடுவது மூதூரிலோ நிலாவெளியிலோ மேசைக்கடியில் இருக்கும் ஒரு சிறிய கணினியில். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் இங்கே ஒலிக்கும்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் இடுங்கள்.

லாப்டொப்பிலேயே இமேஜை பில்ட் செய்து (கட்டி) ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததுதானே?

முடியாது. முதல் தடை ஏற்றும் வேகம். 400 எம்பி இமேஜை விநாடிக்கு 5 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் அனுப்ப ஏறக்குறைய 11 நிமிடம் போகும், அதுவும் இணைப்பு நடுவில் அறாமல் இருந்தால். அதே திருத்தத்தை கிட் புஷ்ஷாக அனுப்பினால் சில கிலோபைட்டோடு காரியம் முடிந்தது. கனமான தூக்கல் எல்லாம் ரன்னர் (பில்டை ஓட்ட கிட்ஹப் தரும் கணினி) இருக்கும் தரவு மையத்துக்கும் ரெஜிஸ்ட்ரிக்கும் இடையில் நடக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே உறைக்கும்.

அதைவிடப் பெரிய காரணம், லாப்டொப் சுத்தமான இடம் இல்லை என்பது. கொமிட் செய்யாத (கிட்டில் பதியாத) திருத்தம், சோதனைக்கு வைத்த டேட்டாபேஸ், கடவுச்சொல் எழுதிய என்வ் கோப்பு எல்லாம் சேர்ந்தே உள்ளே போய்விடும். வாடியில் பங்குக் கணக்கு பிழைக்கும் நாளில் முதலில் கேட்கவேண்டியது, ஓடிக்கொண்டிருப்பது எந்த கொமிட் என்பது. கையால் கட்டிய இமேஜில் அதற்குப் பதில் இருக்காது.

தொடங்க என்னென்ன வேண்டும்?

ரெப்போவில் ஒரு டொக்கர்ஃபைல் (இமேஜைக் கட்டும் படிகள்), ஒரு டொக்கர்இக்னோர் கோப்பு (உள்ளே போகக்கூடாதவற்றின் பட்டியல்), பதிப்புகள் பூட்டப்பட்ட சார்புப் பட்டியல் (செயலி தங்கியிருக்கும் பிறர் பொதிகள்), குறைந்தது ஒரு சோதனை, ஒரு வேர்க்ஃப்ளோ கோப்பு (கிட்ஹப் தானாகச் செய்யவேண்டிய வேலைகள்). வேர்க்ஃப்ளோ கோப்பு, புள்ளியில் தொடங்கும் கிட்ஹப் ஃபோல்டருக்குள் இருக்கும் வேர்க்ஃப்ளோஸ் ஃபோல்டரில் யாமல் வடிவத்தில் இருக்கவேண்டும். தனியாகக் கணக்கோ கடவுச்சொல்லோ தேவையில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கிட்ஹப் தானாகத் தரும் டோக்கனே ரெஜிஸ்ட்ரிக்குள் நுழையப் போதும்.

பொது ரெப்போவுக்கு வழக்கமான ரன்னர்கள் இலவசம். தனிப்பட்ட ரெப்போ என்றால் இலவசக் கணக்கில் மாதம் 2,000 நிமிடம்.

பைப்லைனில் (வேர்க்ஃப்ளோவின் படிவரிசையில்) எது முதலில், எது பிறகு?

ஒவ்வொரு படிக்கும் அக்ஷன் என்ற ஆயத்தத் துண்டு உண்டு. முதலில் செக்அவுட், அதாவது மூலநிரலை ரன்னருக்குள் எடுத்தல். அடுத்து டொக்கரின் கட்டும் கருவியான பில்டெக்ஸை அமைக்கும் அக்ஷன், பிறகு லொகின் அக்ஷன். அதன்பின் மெட்டாடேட்டா அக்ஷன். டேக்குகளையும் (இமேஜுக்கு இடும் பதிப்புப் பெயர்கள்) லேபல்களையும் கிட் தகவலிலிருந்து இதுவே உருவாக்கும். கடைசியில் பில்ட்-புஷ் அக்ஷன். புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்டு அனுப்புவது) என்றால் லொகினையும் புஷ்ஷையும் நிறுத்தி, பில்டும் சோதனையும் மட்டும் ஓடவிடுங்கள்.

ஓர் இடத்தில் பலர் அரைநாள் இழக்கிறார்கள். பில்ட்-புஷ் அக்ஷன், நீங்கள் செக்அவுட் செய்த ஃபோல்டரை இயல்பாகப் பார்ப்பதில்லை. அதே கொமிட்டை கிட்டிலிருந்து தானே நேரடியாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே முந்தைய படியில் நீங்கள் உருவாக்கிய கோப்பு, மாற்றிய பதிப்பு எண், தொகுத்த மொழிபெயர்ப்புக் கோப்பு எதுவும் இமேஜுக்குள் வராது. பிழைச்செய்தியும் வராது, பழையது அமைதியாக உள்ளே போய்விடும். கொன்டெக்ஸ்ட் என்ற இடத்தில் ஒற்றைப் புள்ளி இட்டால், செக்அவுட் செய்த ஃபோல்டரே பயன்படும்.

ஒரு வரியை மாற்றினாலும் முழுவதும் புதிதாக பில்ட் ஆகிறதே?

டொக்கர்ஃபைலில் வரிகளின் வரிசைதான் காரணம். ஒவ்வொரு கட்டளையும் ஒரு லேயர். ஒரு லேயருக்கான உள்ளீடு மாறினால் அதுவும் அதற்குக் கீழே வருகிற அனைத்தும் மறுபடி கட்டப்படும். மூலநிரல் முழுவதையும் முதலில் கொப்பி செய்துவிட்டுப் பிறகு பிப் இன்ஸ்டோல் (பைதன் பொதிகளை நிறுவும் கட்டளை) போட்டால், பற்றுச்சீட்டில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் எல்லாச் சார்புகளும் மீண்டும் இறங்கும்.

அடிக்கடி மாறாதது மேலே, அடிக்கடி மாறுவது கீழே என்று அடுக்குங்கள். நமது செயலிக்கு வரிசை இப்படி வரும்: அடிப்படை இமேஜ், அடுத்து டெபியனின் அப்ட் கருவி வழியாக வேண்டிய அமைப்பு நூலகங்கள், அடுத்து சார்புப் பட்டியல் கோப்பு ஒன்றை மட்டும் கொப்பி செய்தல், பிப் இன்ஸ்டோல், எழுத்துருக்கள், கடைசியாகச் செயலியின் நிரல். இப்படி அடுக்கினால் வழக்கமான திருத்தத்தில் மாறுவது கடைசி லேயர் மட்டுமே, பெரும்பாலும் ஓரிரண்டு எம்பி. இதன் பலன் ரன்னரில் மிச்சமாகும் நிமிடங்களோடு முடிவதில்லை. மூதூரில் டொங்கிள் இணைப்பில் இருக்கும் கணினி புதுப் பதிப்பை இழுக்கும்போதும் அந்தக் கடைசி லேயர் மட்டுமே இறங்கும். மாதம் நான்கு தடவை வெளியிடுகிற செயலிக்கு, டேட்டா கார்ட் காசு இந்த வரிசையில்தான் தங்கியிருக்கிறது.

அப்ட் அப்டேட்டையும் அப்ட் இன்ஸ்டோலையும் ஒரே ரன் வரியில் இணையுங்கள். தனித்தனியாக எழுதினால் பழைய பட்டியல் கேஷில் (முன்பு கட்டிய லேயர்களின் சேமிப்பில்) தங்கிவிடும். சில வாரம் கழித்து, இப்போது சேவையகத்தில் இல்லாத பொதியைத் தேடி 404 வரும். அதே வரியின் முடிவில் அப்ட் பட்டியல் ஃபோல்டரையும் அழித்துவிடுங்கள். வேறொரு வரியில் அழித்தால் கண்ணுக்குத் தெரியாதே தவிர, கீழ் லேயரில் அதன் எடை அப்படியே இருக்கும்.

கம்பைலர் தேவைப்படும் சார்பு இருந்தால் இரண்டு கட்ட பில்ட் எழுதுங்கள். முதல் கட்டத்தில் கம்பைலரோடு வீல் கோப்புகளை (கட்டிமுடித்த பைதன் பொதிகளை) உருவாக்கி, இரண்டாம் கட்டத்துக்கு அவற்றை மட்டும் எடுத்துச்செல்லுங்கள். டொக்கர் 17.05 பதிப்பிலிருந்தே, அதாவது 2017 முதல், இந்த வசதி இருக்கிறது. சமைத்த சட்டியோடு விருந்துக்குப் போகவேண்டியதில்லை.

வரிசையைச் சரிசெய்தும் ரன்னரில் கேஷ் பிடிக்கவில்லை. ஏன்?

லாப்டொப்பில் கேஷ் தானாகவே தங்கும். கிட்ஹப் தரும் ரன்னர் ஒவ்வொரு தடவையும் புதிய இயந்திரம். வேலை முடிந்ததும் அழிந்துவிடும். கேஷை வெளியே கொண்டுபோய் வைத்து, அடுத்த தடவை உள்ளே எடுக்கச் சொல்லவேண்டும். பில்ட்-புஷ் அக்ஷனில் கேஷ்-ஃப்ரொம், கேஷ்-டு இரண்டிலும் வகையை ஜிஎச்ஏ என்று குறித்தால் கிட்ஹப்பின் சொந்தக் கேஷ் கிடங்கு பயன்படும்.

பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கவேண்டியவை நான்கு. கேஷ்-டுவில் மோட் என்பதை மெக்ஸ் என்று வைத்தீர்களா? இயல்பான நிலையில் (மின், அதாவது குறைந்தபட்சம்) கடைசிக் கட்டத்தின் லேயர்கள் மட்டுமே சேமிக்கப்படும். நேரம் தின்கிற கம்பைலர் கட்டம் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஓடும். ஏழு நாள் யாரும் தொடாத கேஷ் நீக்கப்படும். மாதம் ஒருமுறை கொமிட் செய்கிற ரெப்போவுக்கு இதனால் பயனில்லை. ரெப்போ ஒன்றுக்கு இலவசமாக 10 ஜிபி என்பது இயல்பான வரம்பு. மிஞ்சினால் பழையது தள்ளப்படும். நான்காவது, கேஷுக்கு எல்லை உண்டு. மெயின் கிளையில் உருவானதை எல்லாக் கிளைகளும் எடுக்கலாம். புல் ரிக்வெஸ்டில் உருவானதை மெயின் எடுக்காது. வெளியீட்டு டேக்கில் உருவானதை அடுத்த டேக் எடுக்காது. ஆகவே டேக் இட்டபோது மட்டும் பில்ட் ஓடும்படி அமைத்தவர்களுக்குக் கேஷ் ஒருநாளும் கிடைக்காது. மெயினிலும் பில்டை ஓடவிடுங்கள்.

வாரக்கணக்கில் கேஷ் நிற்கவேண்டும் என்றால் ரெஜிஸ்ட்ரி வகைக் கேஷைப் பயன்படுத்துங்கள். அது பில்ட்கேஷ் போன்ற தனிப் பெயரில் ரெஜிஸ்ட்ரியிலேயே இருக்கும். ஏழு நாள் கணக்கு அதற்குப் பொருந்தாது. ரன் வரியில் எழுதும் கேஷ் மவுன்ட் வேறு சங்கதி. லாப்டொப்பில் அது அருமையாக வேலைசெய்யும், ஆனால் மேற்சொன்ன எந்த வழியிலும் வெளியே சேமிக்கப்படாது.

அல்பைனா, டெபியன் ஸ்லிம்மா?

இரண்டும் அடிப்படை இமேஜாக வைக்கும் லினக்ஸ் வகைகள். பைதன் செயலிக்கு ஸ்லிம். அல்பைன் சிறியதுதான். ஆனால் அதன் சி நூலகம் மஸ்ல், டெபியனுடையது கிளிப்சி. பல பொதிகள் இப்போது மஸ்லுக்கும் வீல் தருகின்றன. தராத ஒன்று பட்டியலில் இருந்தாலும் பிப் மூலத்திலிருந்து கம்பைல் செய்யத் தொடங்கும், இரண்டு நிமிட பில்ட் இருபது நிமிடமாகும். கோ மொழியில் எழுதி நிலையாக இணைத்த செயலி என்றால் அல்பைன் தாராளம்.

லேட்டஸ்ட் டேக் போதாதா?

வளர்க்கிறவருக்குப் போதும், ஓட்டுகிறவருக்குப் போதாது. லேட்டஸ்ட் என்பது ஒரு பெயர் மட்டுமே. நாளை அது வேறோர் இமேஜைச் சுட்டும். ஞாயிறு நன்றாக ஓடிய கணக்கு திங்கள் ஓடவில்லை என்றால், எதற்குத் திரும்புவது?

வெளியீட்டுக்கு கிட்டில் வி1.4.2 என்று டேக் இட்டால், மெட்டாடேட்டா அக்ஷன் அதிலிருந்து 1.4.2, 1.4, லேட்டஸ்ட் என மூன்று இமேஜ் டேக்குகளை உருவாக்கும்படி அமைக்கலாம். மெயினில் விழும் ஒவ்வொரு கொமிட்டுக்கும் கொமிட் ஹாஷின் (கொமிட்டின் அடையாள எண்) சுருக்கத்தை டேக்காக இடுங்கள். ஓட்டும் கணினியில் எந்த இமேஜை ஓட்டுவது என்று சொல்லும் கொம்போஸ் கோப்பில் 1.4.2 என்று முழு எண்ணை எழுதுங்கள். அதிலும் உறுதி வேண்டுமானால் டைஜெஸ்ட்டை எழுதுங்கள். ஷா-256 என்று தொடங்கி 64 எழுத்து நீளும் அந்த எண், இமேஜின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவது. டேக்கை யாரும் நகர்த்தலாம், டைஜெஸ்ட்டை நகர்த்த முடியாது. பில்ட் முடிந்ததும் அதை அக்ஷன் வெளியீடாகத் தரும்; வெளியீட்டுக் குறிப்பில் ஒட்டிவிடுங்கள்.

இமேஜ் பெயர் முழுவதும் சிறிய ஆங்கில எழுத்திலேயே இருக்கவேண்டும். கிட்ஹப் பயனர் பெயரில் ஒரு பெரிய எழுத்து இருந்தாலும் பில்ட் அங்கேயே விழும். மெட்டாடேட்டா அக்ஷன் அதைத் தானே சிறிதாக்கிக்கொள்ளும்; கையால் எழுதும் கட்டளைகளில் நீங்கள்தான் மாற்றவேண்டும். தமிழ் எழுத்து, இடைவெளி இரண்டுக்கும் இடமில்லை.

சோதனையை எந்த இடத்தில் வைப்பது?

நிரலின் யூனிட் சோதனை பில்டுக்கு முன்னால். இமேஜின் சோதனை பில்டுக்குப் பிறகு, வெளியீட்டு டேக் விழுவதற்கு முன்னால். இரண்டும் வேண்டும், ஏனென்றால் நிரல் சரியாக இருந்தும் இமேஜ் பிழைக்கலாம்: நூலகம் ஒன்று விடுபடலாம், கோப்பு அனுமதி தவறலாம், எழுத்துரு இல்லாமல் போகலாம்.

செயல்முறை இது. கொமிட் ஹாஷ் டேக்கோடு மட்டும் இமேஜைப் புஷ் செய்யுங்கள். அடுத்த ஜொப்பில் அதையே இழுத்து ஓடவிட்டு, நலமா என்று கேட்கும் முகவரியை 30 விநாடி வரை தட்டிப் பாருங்கள். ஒரு மாதிரிப் பற்றுச்சீட்டை அச்சிடவையுங்கள். தேறினால் பில்டெக்ஸின் இமேஜ்டூல்ஸ் கிரியேட் கட்டளையால் 1.4.2 என்ற பெயரைச் சேருங்கள். மறுபடி பில்ட் நடக்காது. சோதித்த லேயர்களே வாடிக்குப் போகும். சோதனைக்கு ஒரு பில்ட், வெளியீட்டுக்கு இன்னொரு பில்ட் என்று வைத்தால், இடையில் ஒரு சார்பு புதுப்பித்துக்கொண்டு சோதிக்காத ஒன்று வெளியே போகக்கூடும்.

ஆம்ட்64, ஆர்ம்64 என்ற இரண்டு புரொசெஸர் கட்டமைப்புகளுக்கும் சேர்த்து பில்ட் செய்து லோட் என்று கேட்டால், பல அமைப்புகளில் மேனிஃபெஸ்ட் லிஸ்ட் ஏற்றுமதி முடியாது என்ற பிழை வரும். டொக்கரின் பழைய இமேஜ் கிடங்கு ஒரு கட்டமைப்பை மட்டுமே வைத்துக்கொள்ளும். மேலே சொன்ன முறையில் லோட்டே தேவையில்லை.

பற்றுச்சீட்டில் தமிழ் பெட்டிபெட்டியாக வருகிறது. லாப்டொப்பில் சரியாக வந்ததே?

லாப்டொப்பில் தமிழ் எழுத்துரு இருக்கிறது, ஸ்லிம் இமேஜில் இல்லை. பிடிஎஃப் உருவாக்கும் நூலகம் எழுத்துருவைத் தேடி, கிடைக்காமல், ஒவ்வோர் எழுத்துக்கும் வெற்றுப் பெட்டி வைக்கிறது. ஃபொன்ட்ஸ்-நோட்டோ-கோர் என்ற டெபியன் பொதியில் தமிழ் இருக்கிறது. ஆனால் உலகத்து எழுத்துகள் பலவும் சேர்ந்து வந்து இமேஜைப் பல பத்து எம்பி பெருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழின் ரெகுலர், போல்ட் இரண்டு கோப்புகளை மட்டும் ரெப்போவில் வைத்துக் கொப்பி செய்தால் ஓர் எம்பிக்குள் முடியும். அதன் உரிமம் பகிர்வதற்கு இடம் தருகிறது. ஃபொன்ட்கொன்ஃபிக் பொதியையும் நிறுவி, எஃப்சி-கேஷ் கட்டளையை ஒரு தடவை ஓடவிடுங்கள்.

பெட்டி போய் எழுத்து வந்த பிறகு இரண்டாவது பிழை தலைகாட்டலாம். சீட்டின் அடியில் இருக்கும் மொத்தம் என்ற சொல்லை உற்றுப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு மகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய், புள்ளிவட்டத்தோடு தொங்கினால், நூலகம் எழுத்துகளை வந்த வரிசையில் அப்படியே அடுக்குகிறது என்று அர்த்தம். யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் கொம்பு சேமிக்கப்படுகிறது. திரையில் முன்னால் நகர்த்துவது ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்பு இயந்திரத்தின் வேலை. வீஸிபிரின்ட் என்ற பிடிஎஃப் நூலகம் பாங்கோ வழியாக ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துகிறது. பாங்கோ நூலகங்களை அப்ட் பட்டியலில் சேர்க்க மறந்தால், இமேஜ் பில்ட் ஆகும், ஆனால் வீஸிபிரின்ட்டை ஏற்றும்போது விழும்.

இதைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும் என்றில்லை. பைப்லைனில் எஃப்சி-லிஸ்ட்டிடம் தமிழ் மொழிக்கான எழுத்துருக்களைக் கேளுங்கள். வெறுமை வந்தால் ஓட்டத்தைத் தோற்கடியுங்கள். அச்சிட்ட மாதிரி பிடிஎஃப்பை பிடிஎஃப்ஃபொன்ட்ஸ் கருவியில் இட்டு, நோட்டோ சான்ஸ் தமிழ் உள்ளே பதிந்திருக்கிறதா பாருங்கள். கொம்பின் இடத்தை மட்டும் இவை பிடிக்கா. அதற்கு பிடிஎஃப்பின் முதல் பக்கத்தைப் படமாக மாற்றி, சரிபார்த்து வைத்த பழைய படத்தோடு ஒப்பிடுங்கள்.

நேரம் ஐந்தரை மணி பின்தங்கி விழுகிறது.

கொன்டெய்னர் இயல்பாக யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும். விடியற்காலை 4 மணிக்கு வந்த பிடி, முந்தைய நாள் இரவு 10.30 என்று பதிவாகி, நாட்கணக்கையே குழப்பிவிடும். டேட்டாபேஸில் யூடிசியாகவே சேமித்து, காட்டும்போது ஆசியா/கொழும்பு வலயத்துக்கு மாற்றுங்கள். அல்பைனைப் பயன்படுத்தினால் டிஇசட்டேட்டா பொதியைச் சேருங்கள். அது இல்லாவிட்டால் டிஇசட் மாறியை அமைத்தும் நேரம் அசையாது.

கால அட்டவணைப்படி ஓடும் வேர்க்ஃப்ளோவும் இயல்பாக யூடிசியைத்தான் பார்க்கும். ஞாயிறு அதிகாலை 2.17க்கு ஓடவேண்டும் என்றால் சனிக்கிழமை 20.47 என்று எழுதவேண்டும். மணி தொடக்கத்தில் வைக்காதீர்கள். உலகம் முழுக்க எல்லோரும் அந்த நிமிடத்தையே வைப்பதால் ஓட்டம் தாமதமாகும், சிலவேளை விடுபட்டும் போகும். பொது ரெப்போவில் 60 நாள் எந்த அசைவும் இல்லாவிட்டால் கிட்ஹப் அட்டவணையை நிறுத்திவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வாரந்தோறும் ஏன் மறுபடி பில்ட் செய்யவேண்டும்? நிரல் மாறவில்லையே.

உங்கள் நிரல் மாறவில்லை, அதற்கடியில் இருக்கும் டெபியன் மாறுகிறது. ஓபன்எஸ்எஸ்எல் போன்றவற்றின் பாதுகாப்புத் திருத்தங்கள் புது பில்டில்தான் உள்ளே வரும். ஆனால் வாராந்த ஓட்டத்தில் கேஷை அணைக்கவேண்டும். அணைக்காவிட்டால் அப்ட் லேயர் பழையபடியே கேஷிலிருந்து வரும். பச்சை அடையாளம் விழும், திருத்தம் எதுவும் வராது. புல் என்பதையும் நோ-கேஷ் என்பதையும் இரண்டையும் இயக்குங்கள். அடிப்படை இமேஜை டைஜெஸ்ட்டால் பூட்டியிருந்தால் அதைப் புதுப்பிக்க டிபென்டபொட்டை (கிட்ஹப்பின் தானியங்கிப் புதுப்பிப்புக் கருவி) அமையுங்கள், இல்லாவிட்டால் இந்த வாராந்த ஓட்டம் வீண்.

பொதியின் பதிப்பு எண் 0.1 என்று வருகிறது, டேக் 1.4.2 ஆக இருந்தும்.

பதிப்பை கிட் டேக்கிலிருந்து கணிக்கும் செட்டப்டூல்ஸ்-எஸ்சிஎம் போன்ற கருவியைப் பயன்படுத்துகிறீர்கள். செக்அவுட் அக்ஷன் இயல்பாகக் கடைசி கொமிட் ஒன்றை மட்டும் எடுக்கும், பழைய டேக்குகள் வராது. ஃபெட்ச்-டெப்த்தை 0 ஆக்குங்கள். அதற்குப் பிறகும், டொக்கர்இக்னோரில் கிட் ஃபோல்டரை விலக்கியிருப்பதால் டொக்கருக்குள் வரலாறு இருக்காது. அதை உள்ளே விடுவதற்காக விலக்கை எடுத்துவிடாதீர்கள். வீல் கோப்பை டொக்கருக்கு வெளியே, ரன்னரிலேயே கட்டி, இமேஜுக்குள் அந்த வீலை மட்டும் கொப்பி செய்து நிறுவுவதே சீரான வழி. பைபிஐ என்ற பைதன் பொதிக் களஞ்சியத்தில் வெளியிடுவதும் அதே வீலாக இருக்கட்டும். கொன்டெக்ஸ்டில் ஒற்றைப் புள்ளி இட மறக்கவேண்டாம்; இல்லாவிட்டால் டொக்கர் அந்த வீலைக் காணாது.

புஷ் செய்யும்போது டினைட் என்று மறுக்கிறது.

வேர்க்ஃப்ளோவில் பர்மிஷன்ஸ் பகுதியில் பெக்கேஜஸ் என்பதற்கு ரைட் (எழுதும்) அனுமதி இல்லை; பெரும்பாலும் இதுதான். அனுமதி இருந்தும் மறுத்தால், அந்த இமேஜ் முன்பு உங்கள் சொந்த டோக்கனால் கையால் ஏற்றப்பட்டு, ரெப்போவோடு இணையாமல் கிடக்கும். பொதியின் அமைப்புப் பக்கத்தில் ரெப்போவைச் சேர்த்து ரைட் உரிமை கொடுங்கள். முதன்முதலாக வெளியிடும் இமேஜ் தனிப்பட்டதாக இருக்கலாம். மற்றவர்கள் இழுக்கவேண்டும் என்றால் அதே பக்கத்தில் பொதுவாக்குங்கள்.

இமேஜை இழுக்கும்போது 429 என்ற பிழை வருகிறது.

டொக்கர் ஹப்பின் இழுப்பு வரம்பு. 2020 நவம்பரில் இந்த வரம்பு வந்தபோது, லொகின் இல்லாமல் ஓர் ஐபி முகவரிக்கு 6 மணிநேரத்துக்கு 100 இழுப்பு என்று வைத்தார்கள். மொபைல் இணைப்பில் ஒரே பொது ஐபியைப் பலர் பகிர்வதால், நீங்கள் முதல் இழுப்பைச் செய்யும்போதே கணக்கு நிரம்பியிருக்கலாம். இலவசக் கணக்கில் லொகின் செய்தால் வரம்பு உங்கள் பெயரில் தனியாக எண்ணப்படும். செயலி இமேஜை கிட்ஹப் ரெஜிஸ்ட்ரியிலிருந்து இழுக்கும் வாடிக் கணினிக்கு இந்தத் தொல்லையே இல்லை.

இரகசியச் சாவியை பில்டுக்குள் எப்படிக் கொடுப்பது?

டொக்கர்ஃபைலின் ஆர்க், என்வ் வரிகள் இரண்டிலும் கொடுக்கவே கூடாது. டொக்கர் ஹிஸ்ட்ரி கட்டளையை இட்டால் இரண்டும் வெட்டவெளிச்சம். கோப்பாகக் கொப்பி செய்து அடுத்த வரியில் அழிப்பதும் பயனற்றது, கீழ் லேயரில் அது அப்படியே இருக்கும். பில்ட்கிட்டின் சீக்ரெட் மவுன்ட்டைப் பயன்படுத்துங்கள். அந்த ஒரு ரன் வரி ஓடும் வரை மட்டும் சாவி ரன் ஃபோல்டருக்குள் இருக்கும் சீக்ரெட்ஸில் தெரியும், லேயரில் எழுதப்படாது. ஏற்கெனவே ஒரு சாவி இமேஜில் போய்விட்டது என்றால் இமேஜை அழித்துவிட்டு இருந்துவிடாதீர்கள், சாவியை மாற்றுங்கள்.

மற்றவர்கள் எழுதிய அக்ஷன்களும் இதே கணக்கில் சேரும். 2025 மார்ச்சில் டிஜே-அக்ஷன்ஸின் சேஞ்ச்ட்-ஃபைல்ஸ் என்ற, பெருந்தொகை ரெப்போக்கள் பயன்படுத்திய அக்ஷனில், பழைய பதிப்பு டேக்குகளே தீய கொமிட்டுக்குத் திருப்பப்பட்டு, ரன்னரில் இருந்த இரகசியங்கள் ஓட்டப் பதிவில் கொட்டப்பட்டன. கொமிட் ஹாஷால் பூட்டி வைத்தவர்களின் ஓட்டம் அந்தக் கொமிட்டுக்குப் போகவில்லை. அக்ஷன்களை 40 எழுத்து கொமிட் ஹாஷால் குறியுங்கள். பக்கத்தில் பதிப்பு எண்ணைக் கருத்துரையாக எழுதினால் டிபென்டபொட் இரண்டையும் சேர்த்துப் புதுப்பிக்கும். புல்_ரிக்வெஸ்ட்_டார்கெட் நிகழ்வில் வெளியாரின் நிரலை எடுத்து பில்ட் செய்யாதீர்கள். அது உங்கள் சாவிக்கொத்தை முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பது.

ராஸ்ப்பெரி பையில் எக்ஸெக் ஃபோர்மட் எரர் வருகிறது.

ஆம்ட்64க்கு மட்டும் கட்டியிருக்கிறீர்கள், பைக்கு ஆர்ம்64 வேண்டும். கியூஎம்யூ (வேறு கட்டமைப்பைப் பாவனை செய்யும் கருவி) அக்ஷனைச் சேர்த்து இரண்டு பிளட்ஃபோர்மையும் குறித்தால் வேலை நடக்கும், ஆனால் கம்பைல் இருக்கும் பில்ட் மிக மெதுவாகும். 2025 முதல் பொது ரெப்போக்களுக்கு கிட்ஹப் ஆர்ம் ரன்னரையும் இலவசமாகத் தருகிறது. ஒவ்வொன்றையும் அதனதன் ரன்னரில் கட்டி, டைஜெஸ்ட்டுகளை இமேஜ்டூல்ஸால் ஒன்றாக இணையுங்கள்.

ரெஜிஸ்ட்ரியில் பழையதைத் துப்புரவு செய்யும்போது கவனம். பல கட்டமைப்பு இமேஜின் உறுப்புகள் தமக்கென டேக் இல்லாமல்தான் இருக்கும். டேக் இல்லாதவற்றை எல்லாம் அழி என்று ஒரு ஸ்கிரிப்ட் ஓடினால், 1.4.2 பெயரளவில் இருக்கும், இழுக்க முடியாது. பட்டியலில் தெரியும் அன்நோன்/அன்நோன் என்ற உறுப்பும் குப்பை அல்ல. அது பில்டின் பிறப்புச் சான்று.

ஸ்டொப் கொடுத்தால் சரியாக 10 விநாடி கழித்துத்தான் நிற்கிறது.

டொக்கர் முதலில் நிற்கச் சொல்லும் சிக்டேர்ம் சமிக்ஞையை அனுப்பி, 10 விநாடி பார்த்து, பிறகு கொல்லும். 10 விநாடி முழுதாகப் போகிறது என்றால் செயலிக்கு அந்த சமிக்ஞை போய்ச்சேரவில்லை. சிஎம்டி வரியைச் சாதாரண வாக்கியமாக எழுதியிருப்பீர்கள். அப்போது முதல் புரொசெஸாக ஷெல் உட்கார்ந்து சமிக்ஞையை விழுங்கிவிடும். சதுர அடைப்புக்குறிக்குள் பட்டியலாக எழுதுங்கள். பாதி எழுதிய கணக்கோடு கொல்லப்படாமல் இருக்க இது முக்கியம்.

அலுவலகத்தில் சும்மா இருக்கும் கணினியை ரன்னராக்கலாமா?

தனிப்பட்ட ரெப்போவுக்கு மட்டும். பொது ரெப்போவில் வெளியார் அனுப்பும் நிரல் உங்கள் உள்வலைக்குள் ஓடும். மேலும், எந்த ஏற்றும் சுமையிலிருந்து தப்ப வந்தோமோ அதே சுமை திரும்பி வரும். பில்ட் கேஷ் வட்டை நிரப்பும். வாரம் ஒருமுறை அதை அழிக்கும் பில்டர் புரூன் கட்டளை ஓடவேண்டும்.

வாடியில் இணைப்பு மிக மோசம். புதுப் பதிப்பை எப்படிச் சேர்ப்பது?

டொக்கர் இயல்பாக ஒரே நேரத்தில் 3 லேயர்களை இறக்கும். மெல்லிய இணைப்பில் மூன்றும் சேர்ந்து திணறும். டீமன் (பின்னணியில் ஓடும் டொக்கர்) அமைப்பில் மெக்ஸ்-கொன்கரென்ட்-டவுன்லோட்ஸை 1 ஆக்குங்கள். மெக்ஸ்-டவுன்லோட்-அட்டெம்ப்ட்ஸ் இயல்பாக 5, அதை 20 ஆக உயர்த்துங்கள். 300 எம்பி ஒற்றை லேயர் இருந்தால் அதை இரண்டு மூன்றாக உடையுங்கள். முதலில் இழுத்து முடியுங்கள், பிறகு மட்டும் பழையதை நிறுத்துங்கள். கொம்போஸ் புல், அதன்பின் கொம்போஸ் அப். ரீஸ்டார்ட் கொள்கையை அன்லெஸ்-ஸ்டொப்ட் என்று வைத்தால் கரண்ட் வந்ததும் செயலி தானே எழும்பும்.

இணைப்பே இல்லை என்றால் பென்டிரைவ். நகரத்தில் நல்ல இணைப்பில் இருந்து இமேஜை இழுத்து, டொக்கர் சேவ் கொடுத்து ஜிசிப்பால் சுருக்குங்கள். ஷா256சம் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே போய் எண்ணை ஒப்பிட்டு, டொக்கர் லோட் கொடுங்கள். வாடிக் கணினி ஆர்ம் என்றால் இழுக்கும்போதே பிளட்ஃபோர்மை ஆர்ம்64 என்று குறிக்கவேண்டும், இல்லாவிட்டால் உங்கள் லாப்டொப்புக்கான இமேஜே பென்டிரைவில் போகும். ஃபெட்32 வடிவ டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு கொள்ளாது. சுருக்கிய நமது செயலிக்கு அந்தக் கவலை இல்லை. லோட் செய்த பிறகு கொம்போஸ் கோப்பில் டைஜெஸ்ட் இருந்தால், அதை 1.4.2 என்ற டேக்காக மாற்றுங்கள். சேவ் செய்த கோப்பு ரெஜிஸ்ட்ரியின் டைஜெஸ்ட்டைச் சுமந்து வராமல் போகலாம். அப்போது கொம்போஸ், கையில் இமேஜ் இருந்தும் அதை ரெஜிஸ்ட்ரியில் தேடிக்கொண்டு நிற்கும்.